எட்டாத இடத்தில் ஒரு பிளக்

காரை ஓட்டக் கற்றுக்கொள்வதில் நம் இளைஞர்கள் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூட அதன் பானட்டைத் திறந்து பார்ப்பதில் காட்டுவதில்லை. பதினேழு வயது நிரம்பியதும் ஓட்டுநர் உரிமத்துக்குப் பதிந்துகொள்கிறார்கள். கார் எதனால் ஓடுகிறது என்று கேட்டால் "பெட்ரோலால்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கார் குலுங்கினால் அப்பா அதைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். "பிளக் மாத்தணும்" என்கிறார் போர்மன். மாலையில் ரசீதைப் பார்த்து வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது. பிளக் விலை இவ்வளவுதானே, கூலி ஏன் இவ்வளவு?

கேள்வி நியாயமானதுதான். போர்மன் கேட்ட கூலியும் பெரும்பாலும் நியாயமானதுதான். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, பிளக் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற பழைய கார்களில் பானட்டைத் திறந்ததுமே பிளக் கம்பிகள் கண்ணில் படும். இன்றைய பல நான்கு சிலிண்டர் கார்களிலும் மேல்மூடியைக் கழற்றினால் காயில்கள் வரிசையாகத் தெரியும். அரை மணி நேர வேலை. ஆனால் எல்லாக் கார்களும் அப்படி இல்லை. நம் சாலைகளில் நிறைய ஓடும் நிசான் கிராண்ட் லிவினா 1.6-ஐ எடுத்துக்கொள்வோம். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் மேனிஃபோல்ட், இன்ஜின் தலைக்கு மேலே குடைபோலப் படர்ந்திருக்கிறது. காயிலும் பிளக்கும் அதற்கு அடியில். காற்றுக் குழாயை எடுத்து, த்ராட்டில் பகுதியை விடுவித்து, மேனிஃபோல்ட்டைத் தூக்கினால்தான் பிளக்கின் குழி தெரியும். குறுக்குவாட்டில் வைக்கப்பட்ட வி6 இன்ஜின்கள் இன்னும் மோசம். டொயோட்டா அல்பார்ட் 3.5 போன்றவற்றில் பின்வரிசை மூன்று பிளக்குகள் கண்ணாடிப் பக்கத்துச் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கும். முன்வரிசை மூன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பின்வரிசையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். வாடிக்கையாளர் செலுத்தும் கூலி, அந்த ஆசைக்கு இடம் கொடுக்காத போர்மனுக்குரியது.

அந்தச் சிறு பொருள் செய்யும் வேலையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு வீச்சு இன்ஜினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிளக்கும் பொறி வீசுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்றால் விநாடிக்கு 25 பொறி. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இதே சுழற்சியோடு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் 1,000 மணி நேரம். ஒரே பிளக் வீசிய பொறிகள் 9 கோடி. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து நுண்ணிய அளவு உலோகத்தைத் தின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி மெல்ல மெல்ல அகல்கிறது. அகல அகல, அதைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறதே, அது ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல்தான். தேர்வுக்காக வரைந்த அந்தச் சுருள்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் இருக்கின்றன என்பதை எத்தனை மாணவர்களிடம் நாம் சொல்லியிருக்கிறோம்?

நிக்கல் முனை கொண்ட சாதாரண பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். இரிடியம் முனை ஒரு லட்சம் வரை போகும். அந்த உலோகம் உருக 2,400 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும், நிக்கலுக்கு 1,455 போதும். எட்டாத இடத்தில் உள்ள பிளக்குக்கு விலை கூடினாலும் இரிடியமே சிக்கனம் என்பது எங்கள் கருத்து. மேனிஃபோல்ட்டை அடிக்கடி தூக்க யாருக்கும் விருப்பமிராது.

சரி, இதை வீட்டில் செய்யலாமா? செய்யலாம். ஆனால் பத்து நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு இறங்குகிற இளைஞருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடம் மூன்று மணி நேரத்தை வெட்டி ஒட்டியது. வெட்டி எறியப்பட்ட பகுதியில்தான் வேலையின் ஆபத்தெல்லாம் இருக்கிறது.

முதல் ஆபத்து அவசரம். இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். கை சுடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இன்ஜின் தலை அலுமினியம், பிளக்கின் உடல் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் அலுமினியத்தின் மரை பிய்ந்துகொண்டு வரலாம். இரவில் நிறுத்தி, காலையில் தொடங்குவதே நல்லது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். வெப்பத்தில் காய்ந்த காயில் இணைப்பான்களின் கொக்கி முறுக்குப்போல் ஒடியும். பொறுமையாக அழுத்தி எடுக்க வேண்டும்.

அடுத்தது தூசி. ஆழமான பிளக் குழிகளில் மணலும் இலைத்துகளும் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருகி எடுப்பதற்கு முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். மேனிஃபோல்ட்டை எடுத்ததும் தெரியும் காற்று வாய்களைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி, மூடுவதற்கு முன் அத்தனையையும் எண்ணி எடுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் தாதியர் பஞ்சை எண்ணுவதும் இதே காரணத்துக்குத்தான்.

புதிய பிளக்கைப் போடும் நேரம்தான் கைக்கு உண்மையான சோதனை. எட்டாத இடத்தில் கண் உதவாது. விரல் நுனி சொல்வதை நம்ப வேண்டும். பழைய போர்மன்கள் ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துத் திருகுவார்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் இறங்கும். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், மரைக்குச் சேதமில்லை. எத்தனை விலையுயர்ந்த கருவி இருந்தாலும் முதல் சில சுற்றுகள் ஸ்பேனர் இல்லாமல்தான் போக வேண்டும்.

பிறகு இறுக்கம். 12 மில்லிமீட்டர் மரை கொண்ட பிளக்குக்கு ஏறத்தாழ 18 நியூட்டன் மீட்டர், 14 மில்லிமீட்டருக்கு 25-ஐ ஒட்டி. சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். 20 சென்டிமீட்டர் கைப்பிடியில் 18 நியூட்டன் மீட்டர் பெற 90 நியூட்டன் விசை வேண்டும், அதாவது ஒன்பது கிலோ எடையைத் தூக்கும் பலம். எட்டவில்லை என்று 45 சென்டிமீட்டர் கைப்பிடியை மாட்டினால் 40 நியூட்டனே போதும். நான்கு கிலோ. ஒரு பை அரிசியைத் தூக்கும் கை, தன்னை அறியாமலே அளவைத் தாண்டிவிடும். மரை போனால் இன்ஜின் தலையைக் கழற்றும் செலவு வரை போகலாம். சில நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தப் போய் சில ஆயிரத்தைக் கொடுக்கும் கதை இங்கேதான் நடக்கிறது. ஆகவே முறுக்களவு காட்டும் ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். வாங்க முடியாவிட்டால் இரவல் கேளுங்கள். மரையில் எண்ணெயோ கிரீசோ தடவிவிட்டால் அந்த ஸ்பேனர் காட்டும் எண்ணும் பொய்யாகிவிடும். உராய்வு குறைந்து பிளக் தேவைக்கு மேல் இறங்கும். கீழே விழுந்த புதிய பிளக்கை மனம் கேட்காமல் போட்டுவிடவும் கூடாது. பீங்கானில் விழுந்த மயிரிழை விரிசலைக் கண் காணாது, மின்சாரம் காணும்.

கழற்றிய பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டையில் அடுக்கி வையுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. எண்ணெய் பூசியிருந்தால் எங்கோ கசிவு. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் மிகைச் சூடு. ஒரு பிளக் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருந்தால் அந்தச் சிலிண்டர் தனியாக ஏதோ சொல்கிறது. பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் இந்தச் செய்தி குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் இந்த வேலையில் அடக்கம். பிளக் கால் சுற்று நகர்ந்து இறுகிக்கொண்டால், அல்லது திருகும்போது கிறீச்சிட்டால், பலத்தைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு அனுபவசாலியைக் கூப்பிட வேண்டும். எரிபொருள் குழாயைக் கழற்ற வேண்டிய அமைப்பு என்றால் தொடங்கவே வேண்டாம். வேலை முடிந்து ஓட்டும்போது இன்ஜின் விளக்கு சிமிட்டினால் உடனே காரை ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியைச் சுட்டெரிக்கும். அது பிளக்கைவிடப் பன்மடங்கு விலை.

இவ்வளவையும் இளைஞர் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. "படிப்பு ஏறாதவன் பட்டறைக்குப் போகட்டும்" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. மேலே சொன்ன வேலையில் வெப்ப விரிவு இருக்கிறது, திருப்புத்திறன் இருக்கிறது, மின்காந்தம் இருக்கிறது, எரிதலின் வேதியியல் இருக்கிறது. படிப்பு ஏறாதவரால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. தொழிற்கல்விக் கல்லூரிகளிலும் திறன் பயிற்சி நிலையங்களிலும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று, டிப்ளோமா நிலைக்கு உயர வழி இருக்கும்போது, எஸ்பிஎம் முடிவு வந்த மறுநாள் மட்டும் அந்தப் பெயர்களைத் தேடுவது தாமதம். மகள்களைப் பானட் பக்கம் அழைக்காத வழக்கமும் அப்படியே. குறுகிய இடத்துக்குள் நுழையும் மெல்லிய கை இந்த வேலையில் ஒரு கூடுதல் தகுதி. அதைப் போர்மன்களே சொல்வார்கள்.

பள்ளிகள் இதற்குப் பெரிய நிதியைத் தேட வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ஓர் இன்ஜின் தலை, நான்கு பழைய பிளக்குகள், ஒரு முறுக்களவு ஸ்பேனர், ஒரு துண்டு ரப்பர் குழாய். மேலே ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, கண்ணுக்குத் தெரியாமல் கைவிட்டுத் திருகச் சொல்லுங்கள். அறிவியல் கழகத்தின் ஒரு சனிக்கிழமைக்கு அது போதும். வட்டாரத்துப் போர்மன் ஒருவரை அழைத்து அருகில் நிற்க வைத்தால், மரை பிடிக்கும் கணத்தை அவர் ஓசையிலேயே கண்டுபிடிப்பதை மாணவர்கள் பார்க்கலாம்.