ஆறா, வடிகாலா?

யமுனையைத் தூய்மைப்படுத்துவோம் என்று உறுதியளிக்காத அரசியல் கட்சி தில்லியில் இல்லை. 2025 பிப்ரவரி சட்டப்பேரவைத் தேர்தலிலும் அதுவே முக்கியப் பிரசாரப் பொருளாயிற்று. ஆட்சி மாறியது, நதியின் நிலை மாறுமா என்பதுதான் கேள்வி.

ஏறத்தாழ 1,376 கி.மீ. ஓடும் யமுனையில், வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான 22 கி.மீ. தொலைவு இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால், நதியின் மொத்த மாசில் முக்கால் பங்கு இங்குதான் சேர்கிறது. 1993-இல் ஜப்பானிய நிதியுதவியுடன் யமுனை செயல்திட்டம் தொடங்கப்பட்டது. 1994-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விரிவான உத்தரவைப் பிறப்பித்தது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிடப்பட்டும் பலனில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டுவதில் காட்டிய அக்கறை, பாதாளச் சாக்கடை இணைப்பில் காட்டப்படவில்லை. அங்கீகாரம் பெறாத குடியிருப்புகள் பலவற்றின் கழிவுநீர் நேராக வடிகாலில் இறங்குகிறது. சுத்திகரிக்கப்பட்ட நீரும் அதே வடிகாலில் விடப்பட்டு மீண்டும் மாசடைகிறது. மிக அதிகக் கழிவைச் சுமந்துவரும் நஜஃப்கர் வடிகால், ஆரவல்லி மலையில் தோன்றும் சாஹிபி ஆற்றின் வழித்தடமே என்பது வேதனைக்குரியது.

நீரோட்டம் இல்லாததும் மற்றொரு காரணம். ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில், கோடைக்காலத்தில் நதிநீரின் பெரும்பகுதி கால்வாய்களுக்குத் திருப்பப்படுகிறது. அதில் ஒரு பகுதியைக் குடிநீராகப் பெறும் தில்லி, கழிவுநீராக நதிக்குத் திருப்பித் தருகிறது. வஜீராபாத்துக்குக் கீழே அப்போது ஓடுவது பெரும்பாலும் கழிவுநீரே.

யமுனை நீரைப் பங்கிட வடிநில மாநிலங்கள் 1994-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, 2025-க்குப் பின் மறுபரிசீலனை செய்ய அதிலேயே வழி இருக்கிறது. பங்கீட்டுப் பேச்சில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் ஒதுக்குவதுபோல், நதிக்கும் ஒரு பங்கு உறுதி செய்யப்பட வேண்டும். சுத்திகரிக்கப்பட்ட நீரைப் பூங்காக்களுக்கும் வேளாண்மைக்கும் தில்லி பயன்படுத்தினால், அந்த அளவு நன்னீரை நதியிலேயே விட முடியும். இதற்கு ஹரியாணாவும் உத்தரப் பிரதேசமும் இசைய, மத்திய அரசு முன்முயற்சி எடுத்தாக வேண்டும்.

சாத் பூஜையின்போது நுரையை அடக்க ரசாயனம் தெளிப்பதும், கரைகளை அழகுபடுத்துவதும் கண்துடைப்பாகவே முடியும். கழிவு புறப்படும் இடத்திலேயே தடுக்கப்பட்டு, நதியில் நீரும் ஓடினால்தான் யமுனை பிழைக்கும்.