அலாரம் யார் காதில் அடிக்கிறது

கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் இரண்டு ரகக் காவல் உண்டு. கேட்டில் செக்யூரிட்டி, சர்வர் ரூமில் ஃபயர்வால். இரண்டும் ஒரே ஆளுக்குத்தான் சல்யூட் அடிக்கும், காசு கொடுக்கிறவருக்கு. செக்யூரிட்டி விஷயத்தில் இது யாருக்கும் தெரியாததல்ல. ஃபயர்வால் என்று வந்துவிட்டால் மட்டும் என் தொழிலில் இருப்பவர்களே அது ஏதோ எல்லோரையும் காக்கும் ஐயனார் என்பதுபோலப் பேசுகிறார்கள்.

2000-களில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸோன்அலாரம் போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏதாவது ஒரு புரோகிராம் வெளியே பேச முயன்றால் திரை மூலையில் ஒரு பெட்டி எழும்பி, விடட்டுமா வேண்டாமா என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் கார்டு எண், பாஸ்வேர்டு போன்றவற்றைப் பெட்டகத்தில் எழுதி வைக்கலாம். அவை ஒரு தளத்துக்குப் போகப் பார்த்தால் எச்சரிக்கும். தொல்லை பிடித்த பெட்டிதான். பாதிப் பேர் படிக்காமலே 'அனுமதி'யை அமுக்கினார்கள். இருந்தாலும் கேள்வி தகவலுக்குச் சொந்தக்காரரிடம் கேட்கப்பட்டது.

தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியதும் அந்தப் பெட்டிக்குக் கண் போய்விட்டது. பிரௌசரிலிருந்து கிளம்பும்போதே எல்லாம் பூட்டப்பட்டுவிடுவதால், வழியில் நிற்கும் ஃபயர்வாலுக்கு உறைமேல் இருக்கும் விலாசம் தெரியும், உள்ளே இருக்கும் கடுதாசி தெரியாது. அதைப் படிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் தன் சொந்தச் சான்றிதழை நிறுவி, உறையைப் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி அனுப்ப வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களில் செய்கின்றன. வீட்டில் செத்த அலாரம் ஆபீசில் இப்படி மறுபிறவி எடுத்தது. இப்போது அதன் பெயர் டிஎல்பி, தகவல் கசிவுத் தடுப்பு.

இந்தக் கருவிகளுக்கு ஆதார் எண் நன்றாகவே தெரியும். 12 இலக்கம், கடைசி இலக்கம் வெர்ஹோஃப் கணக்குப்படி முந்தைய 11-ஐச் சரிபார்க்கும். மைக்ரோசாஃப்ட் கருவியில் ஆதாருக்கும் பானுக்கும் ஆயத்த வார்ப்பே இருக்கிறது. டிக் அடித்தால் போதும்.

புதுவாயல் கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்கு இதை அமைத்துக் கொடுத்தேன். டிராயிங் ஃபைல், விலைப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றுக்கும் விதி கேட்டார்கள், போட்டேன். ஆதாருக்கும் போட்டேன். ஒரு வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, அந்த ஆதார் அலர்ட்ட மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. எச்ஆர்ல ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது."

ஓடாதுதான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்களின் ஆதார் எண்கள் எக்செல் ஷீட்களாக லேபர் கான்ட்ராக்டருக்கும், பிஎஃப், இஎஸ்ஐ வேலை பார்க்கும் ஏஜென்ட்டுக்கும், ரூம் வாடகைக்கு விடுபவருக்கும் சொந்த ஜிமெயில்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு மெயிலுக்கும் அலாரம் அடித்தது. அது பொய் சொல்லவில்லை. உண்மையை ரொம்ப அடிக்கடி சொன்னது, அதுதான் பிரச்சினை. எழுத்தில் கேட்டேன், எழுத்தில் உத்தரவு வந்தது, விதி அணைந்தது. டிராயிங் விதி மட்டும் தொடர்ந்தது. (மேனேஜர் கெட்டவர் இல்லை. பையன்களுக்கு அட்வான்ஸ் வாங்கிக் கொடுக்கும் ரகம்.)

அந்த அலர்ட் அணையாமல் இருந்திருந்தாலும் மேனேஜரின் மெயிலுக்குத்தான் வந்திருக்கும். யாருடைய எண் போகிறதோ அவனுக்கு ஒரு 'டிங்' கூடக் கேட்டிருக்காது.

சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் அதற்கான விதிகள். முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் தகவலைக் கையாள அவர் சம்மதம் தேவையில்லை. தொழில் ரகசியம், வேவு பார்ப்பதைத் தடுத்தல் என்று உதாரணங்களும் அங்கேயே உண்டு. டிராயிங் ஃபைலுக்கு இருக்கும் அலாரம் சட்டத்திலும் இருக்கிறது என்று அர்த்தம்.

கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது, சரி. ஆனால் கான்ட்ராக்டருக்கு அனுப்பியது கசிவே இல்லை, வேலை சம்பந்தப்பட்டது என்றுதான் கம்பெனி வக்கீல் வாதாடுவார். அதையும் தாண்டி அபராதம் விதித்தால், 250 கோடி வரை போகலாம், அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த ஐடி சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்குகிறது. எண்ணைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு டீக்காசு கிடையாது.

2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்திலும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று எச்சரித்தது. உருப்படியான அலாரம். தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று காரணம் சொல்லி இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கினார்கள். ஜெராக்ஸ் கடைகள் வழக்கம்போல ஓடின.

"படிக்காத பசங்களுக்கு அலர்ட் அனுப்பி என்ன ஆகப்போவுது?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். அந்தப் பசங்கதான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து யுபிஐயில் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், ஓடிபியைச் சரியாக அடிக்கிறார்கள். சரி, அவர்களை விடுங்கள், நம்மை எடுத்துக்கொள்வோம். ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை வாங்கினால் எத்தனை கிலோ என்று நம் போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. 2021-இல் தமிழ்நாட்டின் சுமார் 50 லட்சம் ரேஷன் பயனாளிகளின் விவரங்கள் வெளியே கிடக்கின்றன என்று செய்தி வந்தது. கிலோக்கணக்கு சொல்லும் அதே போனுக்கு அதைப் பற்றி ஒரு வரி வந்ததா? இன்பாக்ஸில் தேடிப் பாருங்கள்.

ஆக, தொழில்நுட்பம் இடிக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். எண்ணைக் கண்டுபிடிக்க டிஎல்பிக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு உரியவரின் மொபைல் எண் எச்ஆர் டேட்டாபேஸில் இருக்கிறது. இரண்டையும் கோத்து, "உங்கள் ஆதார் எண் இன்று இந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது இரண்டு நாள் வேலை. கோடு நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஒடியாவிலும் இந்தியிலும் அந்த ஒரு வரியைச் சரிபார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஷிப்ட் முடியும் நேரத்தில் கேட்டில் போய் நின்றால் அதற்கும் ஆள் கிடைக்கும்.