குப்பையில் கிடக்கும் குண்டுமணிகள்... அம்போன் விரிகுடாவின் சேற்றில் என்ன தேடுகிறார்கள்? | கடல் சொல்லும் கதை

ஸ்கூபா டைவிங் என்றதும் கண்முன் வருவது என்ன? கண்ணாடி போன்ற நீலத் தண்ணீர், வண்ண வண்ணப் பவளப்பாறைகள், கூட்டம் கூட்டமாக மீன்கள்... சுற்றுலா விளம்பரங்கள் அப்படித்தான் காட்டுகின்றன.

இந்தோனேசியாவின் அம்போன் விரிகுடாவில் டைவர்கள் இறங்கும் இடம் அப்படி இருக்காது. மீன்பிடிப் படகுகள் கட்டிக்கிடக்கும் கரை. கீழே சாம்பலும் கறுப்புமான மணல். அதன் மேல் அறுந்த கயிறு, பழைய டயர், பிளாஸ்டிக் பை, காலி பாட்டில், ஒற்றைச் செருப்பு. 'இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்றுதான் முதன்முறை வருபவருக்குத் தோன்றும்.

வழிகாட்டி ஓரிடத்தில் நின்று கையைக் காட்டுவார். அங்கே பாசி படிந்த ஒரு கல். உற்றுப் பார்த்தால் அந்தக் கல்லுக்குக் கண் இருக்கும், வாய் இருக்கும், தலையில் ஒரு குட்டித் தூண்டிலும் இருக்கும். அது கல் அல்ல, தவளைமீன்!

சேற்றுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

இதற்குப் பெயர் 'மக் டைவிங்'. 'மக்' என்றால் சேறு, சகதி. பாப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவில் டைவிங் படகு நடத்திவந்த பாப் ஹால்ஸ்டெட் 1980-களில் பிரபலமாக்கிய பெயர் இது. பவளப்பாறைகளை விட்டுவிட்டு வெறும் மணலிலும் சேற்றிலும் மெதுவாக நீந்தி, விரல் அளவு, நகம் அளவு உயிரினங்களைத் தேடுவதுதான் இந்த டைவிங். ஆழம் அதிகம் போக வேண்டியதில்லை. பொறுமைதான் வேண்டும்.

அம்போன், இந்தோனேசியாவின் மலுக்கு தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்பின் பூர்வீகம் இந்தத் தீவுக்கூட்டம்தான். கிராம்புக்காகவே டச்சுக்காரர்கள் இங்கே வந்து கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். இன்று கையில் கேமராவோடு வருபவர்களை இழுப்பது கிராம்பு அல்ல, கடலடிச் சேறு.

சேற்றில் ஏன் இத்தனை விநோத உயிர்கள்? காரணம் எளிது. பவளப்பாறையில் ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ள ஆயிரம் பொந்துகள் உண்டு. வெட்டவெளி மணலில் ஒன்றும் கிடையாது. அங்கே பிழைக்க வேண்டுமென்றால் வேஷம் போட வேண்டும், மணலுக்குள் புதைய வேண்டும், அல்லது விஷம் வைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் இங்கே ஒரு மீன் கல்லாகத் தெரிகிறது. இன்னொன்று காய்ந்த இலையாக மிதக்கிறது. ஒரு வகைக் கணவாய், நீந்துவதை விட்டுவிட்டுத் தரையில் நடந்தே போகிறது. தவளைமீனோ ஒரு படி மேலே. தலையில் இருக்கும் தூண்டிலைப் புழு போல ஆட்டும். ஏமாந்து பக்கத்தில் வரும் மீனை, கண் இமைக்கும் நேரத்துக்குள் விழுங்கிவிடும்.

ஜாடிக்குள் 16 ஆண்டுகள்

2008 ஜனவரியில் அம்போன் விரிகுடாவின் ஆழமில்லாத பகுதியில், அங்கே வேலை பார்க்கும் டைவர்களின் கண்ணில் ஒரு விசித்திர மீன் பட்டது. கைமுட்டி அளவு. உடல் முழுக்க வெள்ளையும் காவியும் கலந்த வரிகள். தட்டையான முகம். மனிதர்களுக்கு இருப்பதைப் போல முன்பக்கம் பார்க்கும் கண்கள். நீந்தும் விதமோ அதைவிட வேடிக்கை. செவுளிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு, ரப்பர் பந்து போலத் தரையில் மோதி மோதி எகிறிக் குதித்தது.

படங்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியடோர் பீட்ச்சிடம் போயின. தவளைமீன்களைப் பற்றி உலகில் மிக அதிகம் அறிந்தவர்களில் ஒருவர் அவர். ஆய்வில் அது புதிய இனம் என்பது உறுதியானது. 2009-ல் 'ஹிஸ்டியோஃப்ரைன் சைக்கெடெலிகா' என்று பெயர் வைத்தார்கள். இந்த மீனுக்குத் தூண்டில் கிடையாது. ஒவ்வொரு மீனின் வரிகளும் நம் கைரேகை போலத் தனித்தனி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே இனத்தின் இரண்டு மாதிரிகள், பாலியிலிருந்து வந்தவை, 1992-லிருந்தே பீட்ச்சின் சேகரிப்பில் இருந்தன! பதப்படுத்தும் திரவத்தில் நிறம் வெளுத்துப்போனதால், இது புது இனம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஜாடிக்குள் நிபுணர்களின் கண்ணுக்குத் தப்பிய மீனை, குப்பைக்கு நடுவே உயிரோடு கண்டுபிடித்துக் கொடுத்தவை உள்ளூர் டைவர்களின் கண்கள்.

கொட்டாங்குச்சி வீடு... பாட்டில் பிரசவம்

அம்போன் சேற்றில் டைவர்கள் ஆசையாகத் தேடும் இன்னொரு ஜீவன் 'தேங்காய் ஆக்டோபஸ்'. ஆக்டோபஸை நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். இந்த வகை, கடலில் விழுந்த கொட்டாங்குச்சியை எடுத்து, தன் உடலுக்குக் கீழே அணைத்துக்கொண்டு, கைகளை ஊன்றி நடந்து தூக்கிப் போகும். ஆபத்து வந்தால் அதைக் கவிழ்த்து உள்ளே புகுந்துகொள்ளும். இரண்டு மூடி கிடைத்தால் ஒன்றோடு ஒன்று பொருத்திக் கதவையும் சாத்திக்கொள்ளும்!

வடக்கு சுலவேசி, பாலி கடல்களில் இதைக் கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009-ல் அதை வெளியிட்டார்கள். பின்னால் உதவும் என்று ஒரு பொருளைச் சுமந்து போவது, கருவியைப் பயன்படுத்தும் அறிவுக்குச் சான்று என்பது அவர்கள் வாதம். முதுகெலும்பில்லாத உயிரினத்தில் அதைக் கண்டது உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இன்று அந்த ஆக்டோபஸுக்குக் கொட்டாங்குச்சியைவிட எளிதாகக் கிடைப்பவை பாட்டிலும் டப்பாவும் பிளாஸ்டிக் கோப்பையும்தான். டைவர்கள் எடுத்த படங்களைத் திரட்டி 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், 24 ஆக்டோபஸ் இனங்கள் மனிதக் குப்பையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. சில தாய்கள் பாட்டிலுக்குள் முட்டையிட்டு அடைகாக்கின்றன. முட்டை பொரியும் வரை தாய் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. குஞ்சுகள் வெளியேறிய பின் உயிரை விட்டுவிடும்.

அப்படியென்றால் குப்பை நல்லதா?

'பாட்டில்தான் அதற்கு வீடாகிறதே... பிறகென்ன பிரச்னை?' என்று கேட்கத் தோன்றலாம். இந்தக் கேள்விக்கு அம்போனின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1857 டிசம்பரில் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் இதே விரிகுடாவுக்கு வந்தார். படகிலிருந்து குனிந்து பார்த்தவருக்குத் தரையே தெரியவில்லை. அந்த அளவுக்குப் பவளமும் கடற்பஞ்சும் கடல்சாமந்தியும் அடர்ந்திருந்தன. தண்ணீர் அவ்வளவு தெளிவு. 1869-ல் வெளியான தன் பயண நூலில் அந்தக் காட்சியை வியந்து வியந்து எழுதியிருக்கிறார்.

இன்று அந்தத் தோட்டத்தைத் துறைமுகப் பக்கம் தேடினால் கிடைக்காது. அம்போன் நகரில் சுமார் 3.5 லட்சம் பேர் வாழ்கிறார்கள். நகரை ஒட்டியே செங்குத்தான மலைகள். மழை கொட்டினால் சரிவிலிருந்து மண்ணும், தெருவிலிருந்து குப்பையும் குட்டை ஆறுகள் வழியாக நேரே விரிகுடாவுக்கு வந்துவிடும். மண் படிந்தால் பவளத்துக்கு வெயில் கிடைக்காது, மூச்சும் முட்டும். வாலஸ் பார்த்த கடலடிக்கும் இன்றைய கடலடிக்கும் நடுவே நடந்தது இதுதான்.

பாட்டிலுக்குள் குடியேறிய ஆக்டோபஸ் குப்பையை விரும்பிப் போகவில்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கிறது. உடைந்த கண்ணாடி அதன் உடலைக் கிழிக்கும். டப்பாவில் மிச்சமிருக்கும் ரசாயனம் முட்டைகளைக் கெடுக்கும். ரயில்வே மேம்பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் குடும்பத்தைப் பார்த்து, 'அவர்களுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது' என்று யாராவது சொல்வார்களா?

சேறு போடும் சோறு

இந்தச் சேற்றை நம்பி மனிதர்களும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் மக் டைவிங்குக்காக ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அதனால் கிடைக்கும் வருமானம் 15 கோடி டாலருக்கும் மேல். 2,200-க்கும் அதிகமானோருக்கு வேலை என்கிறது 2017-ல் வெளியான ஓர் ஆய்வு. இவர்களில் வழிகாட்டிகளின் திறமை அலாதி. எந்தக் கல்லுக்குக் கண் இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால், இதிலும் ஒரு சிக்கல். நல்ல படம் கிடைத்தால்தான் வந்தவருக்குத் திருப்தி. அதற்காகச் சில இடங்களில் உயிரினத்தைக் கம்பியால் தள்ளி, கேமராவுக்கு முகம் காட்ட வைப்பதும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்ட்டன் டி பிரௌவர் குழு, கடல்குதிரை, தவளைமீன் போன்றவற்றிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தைவிட அவற்றை அதிகம் மிரள வைப்பது தொட்டு நகர்த்துவதுதான் என்று 2019-ல் முடிவு வந்தது. கம்பி, மணலில் ஊன்றி நிலையாக நிற்பதற்குத்தான். உயிரைக் குத்துவதற்கு அல்ல.

கடலடியைச் சுத்தம் செய்ய இறங்குபவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. பாட்டிலை எடுப்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். ஆள் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் காலி பாட்டிலை எடுக்க வேண்டும். முட்டை பொரிந்த பிறகு மறுபடி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி நிறம் மங்காது என்பார்கள். அம்போன் சேற்றில் கிடக்கும் உயிர்களும் அப்படித்தான், இன்றுவரை மங்காமல் இருக்கின்றன. அதற்காகக் குண்டுமணி மேல் குப்பையைக் கொட்டிக்கொண்டே இருக்க முடியாதே!

அடுத்தமுறை தெருவோர மழைநீர்க் கால்வாயில் காலி பாட்டிலை வீசக் கை ஓங்கினால், ஒரு நொடி யோசியுங்கள். அது போய்ச் சேரும் இடத்தில், எட்டுக் கைகளோடு ஒரு தாய் வீடு தேடிக்கொண்டிருக்கலாம்.