வெள்ளைக்காரன் எழுதியது என்று தூக்கி எறியலாமா?

புதுக்கோட்டை வட்டாரத்தில் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் பாளையக்காரர் போர்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர்களில் பலர் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். பழைய ஆங்கில நூல்கள் ஜெயித்தவன் எழுதிய பொய். சமஸ்தானத்து நூல்கள் அரண்மனைத் துதி. கதைப்பாடலும் பெரியவர்கள் சொன்ன வாய்மொழியும் போதும். மிச்சத்துக்கு இணையம் இருக்கிறது. மேடையில் கைதட்டல் வாங்கித் தரும் வாதம். உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால் இதில் பாதிகூடத் தேறாது.

முதலில் 'ஜெயித்தவன் எழுதிய பொய்'. ஜெயித்தவன் எழுதினான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கர்நாடகப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881இல் வெளியிட்ட கால்டுவெல் பிஷப். 'ராணுவ நினைவுகள்' எழுதிய ஜேம்ஸ் வெல்ஷ் பாஞ்சாலங்குறிச்சியில் நம்மவர்களைச் சுட்ட படையின் அதிகாரி. ஆனால் எழுதியவன் யார் என்று கேட்பவர்கள், அவன் யாருக்கு எழுதினான் என்றும் கேட்க வேண்டும். களத்தில் இருந்த அதிகாரி சென்னைக்கு எழுதிய கடிதம் ஊரை ஏமாற்ற எழுதியதல்ல. செத்த சிப்பாய்க்கும் தீர்ந்த மருந்துக்கும் அவன் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கில் கைவைத்தால் அவன் உத்தியோகத்துக்கே ஆபத்து.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மறுநாளே அரசுக்கு எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் தம் நூலில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். விசாரணை முழுவதும் அந்தப் பாளையக்காரர் அஞ்சாமல் நின்றதும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்ததும், தூக்குமரத்துக்குத் தளராமல் நடந்ததும் அதில் இருக்கின்றன. நாம் மேடைதோறும் கொண்டாடும் அந்தக் கம்பீரத்துக்கு, நேரில் பார்த்தவன் மறுநாள் எழுதிய சாட்சி எதிரியின் பேனாவிலிருந்தே வந்திருக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் யாருக்கு நஷ்டம்?

வெல்ஷும் அப்படித்தான். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801இல் சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றதைக் கண்டு ஆங்கிலப் படை திகைத்ததை அவர் மறைக்கவில்லை. மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் தம் படை அடிபட்டுத் திரும்பியதையும் மறைக்கவில்லை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று நன்றியோடு எழுதுகிறார். பின்னால் அந்தச் சின்ன மருதுவை வேட்டையாடிய படையிலும் வெல்ஷ் இருந்தார்.

இந்த நூல்கள் பொய்யே சொல்லாதவை என்று நான் வாதாட வரவில்லை. பொய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது பழகினால் தெரிந்துவிடும். தேதி, படை நடந்த வழி, தம் பக்கத்து இழப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் நம்பலாம். எதிரியின் படைபலம், எதிரியின் நோக்கம், 'கலகக்காரன்', 'கொள்ளையன்' என்கிற பட்டங்கள் வரும் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கா. ராஜய்யன் 1971இல் 'தென்னிந்தியக் கிளர்ச்சி' என்ற ஆங்கில நூலில் 1800–1801 போரை முதல் விடுதலைப் போர் என்று நிறுவினாரே, எதை வைத்து நிறுவினார்? கம்பெனியின் ஆவணங்களைக் குடைந்துதான். வெள்ளைக்காரன் கலகம் என்று எழுதியதை அவன் காகிதத்தைக் கொண்டே போர் என்று காட்டினார்.

அடுத்தது சமஸ்தானத்து நூல்கள். இரண்டு முக்கியமானவை: எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் எழுதிய புதுக்கோட்டை வரலாறு; கே.ஆர். வெங்கடராம ஐயர் 1938 முதல் 1944 வரை வெளியிட்ட புதுக்கோட்டை ஸ்டேட் மேனுவல். அரண்மனைச் சோறு தின்ற நூல்கள்தான். 1916இல் ராஜா மார்த்தாண்ட பைரவர் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்க்கை மணந்த சர்ச்சை ஓய்ந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் குலப்பெருமை பேசும் வரலாறு அரண்மனைக்கு இனிக்கத்தானே செய்யும்?

இனித்தாலும், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததை இவை மூடி மறைக்கவில்லை. கம்பெனிக்குச் செய்த உதவி என்ற பெருமிதத்தோடு சொல்கின்றன. தங்களுக்கே எதிரான சாட்சி அது என்பது எழுதியவர்களுக்கு உறைக்கவில்லை.

ஊரில் வழங்கும் கதை என்ன? நண்பன் என்று நம்பி அடைக்கலம் வந்தவரைத் தொண்டைமான் திடீரென்று காட்டிக்கொடுத்தார். கூலியாகக் கீழாநிலைப் பகுதி கிடைத்தது. இந்தக் கதையை ஓர்ம் முதல் மேனுவல் வரை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1751 முதல் 1754 வரை நடந்த திருச்சிராப்பள்ளிப் போரில் ஆங்கிலப் படை பட்டினி கிடக்காமல் பிழைத்ததற்குத் தொண்டைமான் சீமையிலிருந்து போன தானியமும் மாடும் பெரிய காரணம். அதற்காகவே 1754இல் பிரெஞ்சுக்காரர் பக்கத்துப் படை இந்தச் சீமைக்குள் புகுந்து சூறையாடியது. பின்னால் ஹைதர் அலியோடு நடந்த போரிலும் தொண்டைமான் கம்பெனி பக்கமே. 1799இல் ஆண்ட விஜயரகுநாதத் தொண்டைமான் அந்தக் கூட்டணியில் மூன்றாவது மன்னர். கீழாநிலையோ 1803இல் கைக்கு வந்தது. 1806இல் கம்பெனியின் லண்டன் டைரக்டர்கள் உறுதி செய்தார்கள். ஆனால் அதன்மேல் தொண்டைமான்கள் கொண்டாடிய உரிமை தஞ்சை மன்னர் பிரதாபசிம்மர் காலம் வரை பின்னே போகிறது. கட்டபொம்மன் தலைக்கு மட்டும் கிடைத்த கூலி என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

இதைச் சொன்னால், தொண்டைமானுக்கு வக்காலத்தா என்று கேட்கிறார்கள். நூல்கள் காட்டும் குற்றம் ஊர்க்கதையைவிடக் கனமானது. ஒரு ராத்திரியில் நடந்த துரோகம் என்றால் ஒரு மனிதனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். அரை நூற்றாண்டுக் கொள்கை என்றால், அதனால் சீமையில் யார் வாழ்ந்தார்கள், யார் செத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்கு மேனுவலில் விடை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். படைக்குப் போன அமரக்காரர்கள், அவர்களுக்கு விடப்பட்ட மானிய நிலம், அந்த மானியத்தைச் சுற்றி எழுந்த அதிகாரம் ஆகியவற்றை அறிய நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் புதுக்கோட்டையைப் பற்றி எழுதிய நூலுக்குப் போக வேண்டும். ஆங்கிலம் தடை என்பவர்களுக்குப் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்த ஜெ. ராஜாமுகமது தமிழில் எழுதிய மாவட்ட வரலாறு இருக்கிறது.

மூன்றாவது, வாய்மொழியே போதும் என்பது. திருமயம் கோட்டையை ஊரில் 'ஊமையன் கோட்டை' என்கிறார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை கட்டிய கோட்டை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. ராமநாதபுரத்துச் சேதுபதி அதைக் கட்டியது 1687இல். ஊமைத்துரையின் போர்கள் அதற்கு நூறு வருஷத்துக்கும் பிந்தியவை. அந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பது அருமையான ஆராய்ச்சி. கட்டியது யார் என்பதற்கு மட்டும் அது சான்றாகாது.

வாய்மொழியை நான் தாழ்த்தவில்லை. ஆனால் கட்டபொம்மு கதைப்பாடல் நம் கைக்கு எப்படி வந்தது? நா. வானமாமலை போன்றவர்கள் தேடி, ஒப்பிட்டு, பதிப்பித்ததால் வந்தது. அதுவும் உழைத்துத் தயாரித்த ஆய்வு நூல்தான். பலர் வாய்மொழி என்று ஒப்பிப்பதில் பாதி 1959இல் வந்த கட்டபொம்மன் சினிமாவின் வசனம். பாட்டி சொன்னதையும் இயக்குநர் பந்துலு எடுத்ததையும் பிரித்துப் பார்க்கவாவது புத்தகம் வேண்டாமா?

பார்வை நூல் என்றாலே வெள்ளைக்காரன் நூல் என்பதும் தவறு. ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுப் புதுச்சேரியில் இருந்துகொண்டு 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். திருச்சிராப்பள்ளிப் போரை ஓர்ம் ஆங்கிலேயர் பக்கமிருந்து சொன்னால், பிள்ளை எதிர்ப்பக்கத்துத் திண்ணையிலிருந்து சொல்கிறார். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இன்னும் பின்னே போகிறவர்களுக்குச் சமஸ்தானம் 1929இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதி. சண்டையாலும் கொள்ளையாலும் நொந்துபோன ஊரார் பாடிகாவல் (ஊர்க்காவல்) உரிமையை அரையர்கள் என்ற வட்டாரத் தலைவர்களுக்கு விற்ற செய்திகளெல்லாம் அதில் கிடைக்கும். போரில் ஜெயித்தவன் பெயர் கொடும்பாளூர் மூவர் கோயிலிலேயே இருக்கிறது. போரால் கெட்ட ஊரின் கதைக்கு இந்தத் தொகுதியைத்தான் புரட்ட வேண்டும்.

இணையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேனுவலின் படிமம் இணையத்தில் கிடைக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரே பெயரை நாலு விதமாக எழுதினார்கள். இன்றைய எழுத்தில் தேடினால் 'இல்லை' என்று வரும். நூலின் பெயரடைவைத் திறந்தால் இருக்கும். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சேர்த்த ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. அருங்காட்சியகமும் அதே திருக்கோகர்ணத்தில்தான்.

ஊர் வரலாறு எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேனுவலின் இரண்டாம் தொகுதி இரண்டாம் பகுதி ஊர் ஊராகத் தகவல் சொல்லும் பகுதி. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒத்துப்போகிறதோ முரண்படுகிறதோ, எந்த நூல், எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பில் போடுங்கள். அது தவறு என்று பட்டால் தவறு என்றே எழுதுங்கள், சான்றோடு.