கறுத்த பக்கம்

எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்க்காத குடும்பஸ்தர் அநேகமாக இரார். பார்த்து என்ன தெரிந்துகொள்கிறோம் என்பது வேறு விஷயம்!

என் சிநேகிதர் ஒருவர் தம் மூன்று வயதுப் பேரனின் மார்புப் படத்தை அப்படித்தான் பார்த்தார். வலப்புறம் நல்ல கறுப்பு. இடப்புறம் சற்றே சாம்பல் நிறம். "வலது நுரையீரல் சுத்தமாயிருக்கிறது, ஸார்! இடப்புறத்தில்தான் சளி கட்டியிருக்கிறது" என்றார். நானும் தலையை ஆட்டினேன். பட்டம் பெற்றவன் அல்லவா?

எங்கள் இருவர் தீர்ப்பும் தலைகீழ் என்பது டாக்டரிடம் போன பிறகு தெரிந்தது.

கதிர்கள் தடையின்றி வந்து சேரும் இடத்தில் படம் கறுக்கிறது. எலும்பு குறுக்கிட்டால் வெளுக்கிறது. காற்று கதிர்களை ஏறக்குறையத் தடுப்பதேயில்லை. ஆரோக்கியமான நுரையீரலில் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது, பெரும்பாலும் அதில் கிளைவிட்டு ஓடும் ரத்தக் குழாய்களே. ஆகவே ஒரு பக்கம் அளவு மீறிக் கறுத்தால், அங்கே காற்று மிகுந்திருக்கலாம், ரத்தம் குறைந்திருக்கலாம்.

ஆனால் நல்ல டாக்டர் உடனே நுரையீரலின் மேல் பழி சுமத்துவதில்லை. படம் எடுக்கும்போது உடம்பு சிறிது திரும்பியிருந்தாலே ஒரு பக்கம் கறுக்கும். புற்று நோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்துவிட்ட பெண்மணிக்கு அந்தப் பக்கம் கறுத்தே தெரியும். பிறவியிலேயே ஒரு பக்கத்து மார்புத் தசை இல்லாதவர்களும் உண்டு. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் மாணவராயிருந்த ஆல்பிரட் போலந்து 1841-இல் அத்தகைய ஓர் உடலை விவரித்திருக்கிறார். சில சமயம் கறுத்த பக்கம் நிரபராதியாயிருக்க, வெளுத்த பக்கத்தில் நீர் கோத்திருக்கும். நுரையீரலுக்கு வெளியே காற்றுப் புகுந்து அதை நசுக்கியிருந்தாலோ, அந்தக் கறுப்பில் ரத்தக் குழாயின் கோடே இராது. அது ஒரு க்ஷணமும் தாமதிக்கக் கூடாத சங்கதி.

நம் பையனுக்கு இவை ஒன்றுமில்லை. மூச்சுக் குழாயில் ஏதேனும் அடைத்திருந்தால், மூச்சை இழுக்கும்போது குழாய் விரிந்து காற்று உள்ளே போகும்; விடும்போது குழாய் சுருங்கி வழி அடைபடும். போன காற்று திரும்பாமல் நுரையீரல் உப்பிக் கறுக்கும். மூச்சை வெளியே விட்ட நிலையில் இன்னொரு படம் எடுத்தால் குட்டு வெளிப்படும். மூன்று வயதுப் பையனிடம், "மூச்சை முழுதும் விட்டு அப்படியே நில்" என்று சொல்லிப் பாருங்கள்! என் வகுப்பில் பதினான்கு வயதுப் பையன்களே நிற்பதில்லை. ஆகையால் டாக்டர் அவனை வலப்புறமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துப் படம் எடுத்தார். கீழே இருக்கும் நுரையீரல் உடம்பின் பாரத்தால் சுருங்கி வெளுக்க வேண்டும். அது வெளுக்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்து, குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி, பாதி வேர்க்கடலை ஒன்றை வெளியே எடுத்தார்கள். படத்தில் அது தெரியவில்லையே என்று கேட்டேன். கடலை, எலும்பையும் நாணயத்தையும் போலக் கதிரைத் தடுப்பதில்லையாம். இன்னும் சில நாள் கிடந்திருந்தால் குழாய் புண்ணாகி, நிமோனியா கண்டிருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது என்றார் டாக்டர்.

கருவியைக் கையில் எடுக்குமுன் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இருமல் ஆரம்பித்த அன்று குழந்தை என்ன தின்றான்?" பையனின் அப்பா விழித்தார், தாத்தா விழித்தார். வாசற்படி ஓரம் நின்ற பாட்டிதான், "திங்கட்கிழமை சாயங்காலம் வறுத்த கடலை, புரையேறிக் கண் பிதுங்கிப் போச்சு" என்றாள். அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை.