அரிசியும் நீரும் போதும்

ஒரு பொருளின் பெயருக்கு முன் ‘தூய’ என்னும் அடைமொழி எப்போது வருகின்றது? கலப்புப் புகுந்த பின்னரே அது வேண்டப்படுகின்றது. யப்பானியரின் ‘சாக்கே’ என்னும் அரிசி மதுவின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். மது அருந்தாத குடும்பத்தாரும் மாணவரும் கூட அறியத்தக்க செய்தி அதனுள் உண்டு.

சாக்கே வகைகளுள் ஒன்று ‘ஜுன்மாய்’. ‘தூய அரிசி’ என்பது அதன் பொருள். அரிசி, நீர், ‘கோஜி’ எனப்படும் பூஞ்சணம் படர்ந்த அரிசி, மதுவம் ஆகிய இவையன்றி வேறெதுவும் அதிற் சேர்வதில்லை. திராட்சைப் பழத்தில் வெல்லம் இயல்பாகவே உண்டு. அரிசியில் உள்ளதோ மாப்பொருள். கோஜி அம்மாப்பொருளை வெல்லமாக்க, அதே தொட்டியில் அதே வேளையில் மதுவம் அவ்வெல்லத்தை மதுசாரமாக்குகின்றது. இரு தொழிலும் ஒருங்கே நிகழ்வதால், காய்ச்சி வடிக்காமலே நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு வரை மதுசாரம் உண்டாகின்றது. பின்னர் நீர் சேர்த்து 15 அல்லது 16 பங்களவிற் போத்தலில் அடைப்பது பெருவழக்கு.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. யப்பானில் உண்ணவும் அரிசி போதவில்லை. காய்ச்சி வடித்த மதுசாரத்தைக் கலந்து சாக்கேயைப் பெருக்கினர். போர் முடிந்தபின், 1949 ஆம் ஆண்டளவில், மதுசாரத்தோடு குளுக்கோசும் அமிலங்களும் சுவையுப்பும் கூட்டி ஒரு பங்கை மூன்று பங்காக்கும் முறை பரவியது. பஞ்ச காலத்துச் செயலைப் பழிப்பதற்கில்லை. ஆயின் பஞ்சம் தீர்ந்த பின்னரும் அம்முறை தீரவில்லை. இடுக்கணுக்கு வந்த உபாயம் இலாபத்துக்கு உரிய வழக்கமாயிற்று. ஒரு தலைமுறையினர் அக்கலவையையே சாக்கேயின் சுவையென எண்ணி வளர்ந்தனர்.

1964 ஆம் ஆண்டில், கியோத்தோ நகரத்து புஷிமியிலுள்ள தமனோஹிகாரி என்னும் ஆலை, கலப்பற்ற சாக்கேயை மீண்டும் விற்பனைக்கு விட்டது. வேறு சில ஆலைகளும் அவ்வழி சென்றன. ‘ஜுன்மாய்’ என எழுதுவதற்குரிய விதிகள் 1990 இல் நடைமுறைக்கு வந்தன. அளவுமீறிய கலப்புடையவற்றுக்குச் சாக்கே என்னும் சட்டப்பெயரே இல்லையென 2006 இல் விதிக்கப்பட்டது. மணத்தின் பொருட்டுச் சிறிதளவு மதுசாரம் சேர்க்கும் நல்ல வகைகளும் உள; அவை வேறு பெயரால் வழங்குகின்றன.

தூய அரிசிச் சாக்கேயின் சிறப்பு உணவோடு சேரும்போதே விளங்கும். அதில் அமினோவமிலங்கள் மிகுதி. 1908 இல் இக்கேடா கிக்குனாயே என்னும் அறிஞர் கடற்பாசிச் சாற்றிற் கண்டறிந்து ‘உமாமி’ எனப் பெயரிட்ட சுவை இவற்றால் வருவதே. ஆதலின் உப்பிட்டுச் சுட்ட மீன், சோயாக் கட்டி, சாற்றில் வெந்த முள்ளங்கி முதலியவற்றோடு அது பகையின்றிப் பொருந்துகின்றது. நாற்பது பாகை செல்சியசு அளவில் இளஞ்சூடாக்கினால் அரிசியின் சுவை மேலும் விரியும். சாக்கேயும் அரிசியே ஆதலால், சோறு விருந்தின் முடிவில் வருவதே மரபு.

தன் கிண்ணத்தைத் தானே நிரப்பாது ஒருவருக்கொருவர் வார்ப்பதும், இடையிடையே நீர் அருந்துவதும் அங்குள்ள நல்வழக்கங்கள். இருபது வயது நிரம்பாதார்க்கு மதுவைச் சட்டம் விலக்குகின்றது.

2024 ஆம் ஆண்டில், கோஜி கொண்டு சாக்கே முதலியன ஆக்கும் மரபறிவை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. இழந்ததை மீட்க அந்நாட்டினர்க்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. வறுமையிற் கைக்கொண்ட குறுக்குவழியை வளம் வந்த அன்றே கைவிடுதல் வேண்டும்; தவறின் மெய்ச்சுவை இதுவென எடுத்துச் சொல்வாரும் அருகிவிடுவர்.