முதலில் கற்ற சொல்

மறைபரப்புப் பணி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது போதிக்கும் குருவானவரின் உருவமே. கையில் திருச்சிலுவை, நாவில் நற்செய்தி, எதிரே செவிமடுக்கும் மக்கள். ஆனால் அந்தப் போதனைக்கு முன்னர் வேறு சில நாட்கள் கடந்திருக்கும். பேச வந்தவர் பேச மொழியின்றி நின்ற நாட்கள் அவை. அத்தகைய நாட்கள் திருச்சபை வரலாற்றில் தெளிவாகப் பதிவாகியுள்ள ஓரிடம் மெக்சிக்கோ.

1524ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் பன்னிருவர் அந்நாட்டின் கிழக்குக் கரையில் வந்திறங்கினர். மார்ட்டின் டி வலென்சியா அவர்களுக்குத் தலைவராயிருந்தார். அவர்கள் வந்த வேளை எளிதானதன்று. 1521 ஆகஸ்ட் மாதத்தில் கோர்த்தேஸ் என்பவரின் ஸ்பானியப் படையிடம் அம்மக்களின் தலைநகர் வீழ்ந்திருந்தது. போரும் அம்மை நோயும் பெருந்தொகையானோரைப் பலிகொண்டிருந்தன. வாளேந்தி வந்தவர்களின் நாட்டிலிருந்தே வந்த இத்துறவிகளை அம்மக்கள் எவ்வாறு நம்புவர்?

துறவிகள் குதிரை ஏறவில்லை. கரையிலிருந்து தலைநகர்வரை வெறுங்காலுடன் நடந்தனர். வழியில் ட்லஸ்கலா நகர மக்கள் அவர்களது கந்தல் அங்கிகளைக் கண்டு வியந்து, ‘மோட்டோலினியா’ என்னும் சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறினர். தொரிபியோ டி பெனவெந்தே என்னும் துறவி அதன் பொருளை வினவினார். ‘ஏழை’ என்பது அதன் பொருள். அம்மொழியில் தாம் கற்ற முதற்சொல் அதுவே எனக் கூறி, அதனையே அவர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். திருமுழுக்கில் மக்களுக்குப் பெயர் சூட்ட வந்தவர், அம்மக்களின் வாயிலிருந்தே தமக்கொரு பெயரைப் பெற்றார்.

இவர்களுக்கு ஓராண்டு முன்னரே மூன்று துறவிகள் அங்கு வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் இறையியல் கற்பித்த பேராசிரியர். இதுவரை என்ன செய்தீர்கள் என்று பன்னிருவரும் கேட்டபோது, புனித அகுஸ்தினாரும் அறிந்திராத ஓர் இறையியலைத் தாங்கள் கற்று வருவதாக அவர் விடையளித்தாராம். அவர் குறிப்பிட்டது அம்மக்களின் நாவாத்தல் மொழியை.

அம்மொழிக்கு அன்று இலக்கண நூலுமில்லை, அகராதியுமில்லை. எனவே துறவிகள் சிறுவர்களிடம் சென்றனர். துரும்புகளையும் கூழாங்கற்களையும் கொண்டு அவர்களோடு விளையாடினர். செவியில் விழுந்த சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு, மாலையில் ஒன்றுகூடி ஒப்புநோக்கினர். இன்று விளங்கியதாக எண்ணிய சொல் மறுநாள் தவறாகத் தோன்றியது. அந்நாட்களில் ஒரு ஸ்பானிய விதவைத் தாயின் மகன், உள்ளூர்ப் பிள்ளைகளோடு விளையாடியே அம்மொழியைக் கற்றிருந்தான். அச்சிறுவனே துறவிகளுக்கு ஆசிரியனாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் ஆனான். பிற்காலத்தில் தானும் துறவியாகி, 1555இல் நாவாத்தல் மொழி அகராதியை அச்சிட்டு வெளியிட்டான். அவரே அலொன்சோ டி மொலினா.

பையும் மிதியடியும் இன்றிச் சீடர்களை அனுப்பிய நம் ஆண்டவர், அவர்களைப் பிறரின் கதவைத் தட்டி நிற்பவர்களாகவே அனுப்பினார். வெறுங்கையோடு வருபவன் பெற்றுக்கொள்ளக் கற்கிறான். பெற்றுக்கொள்ளத் தெரியாதவன் கொடுப்பது கொடையாகத் தோன்றினும், அதில் ஆதிக்கம் மறைந்திருக்கக்கூடும்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. அதே துறவிகள் அம்மக்களின் ஆலயங்களை இடித்தனர், திருவுருவங்களை எரித்தனர். அகராதி வெளிவந்த அதே 1555இல் மெக்சிக்கோவில் கூடிய திருச்சபைச் சங்கம், அம்மண்ணின் மைந்தர்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்தலாகாது எனத் தடை விதித்தது. அவர்களது மொழி ஏற்கப்பட்டது. அவர்களது கரங்கள் பீடத்தருகே ஏற்கப்படவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் பொலிவியா நாட்டில், பாப்பரசர் பிரான்சிஸ் அமெரிக்க மண்ணின் பூர்வீக மக்களுக்கு இழைக்கப்பட்ட பாவங்களுக்காகத் தாழ்மையுடன் மன்னிப்புக் கோரினார். தொடக்க நாட்களின் தாழ்மை இறுதிவரை நிலைத்திருந்தால், அம்மன்னிப்பு இத்துணை நூற்றாண்டுகள் காத்திருந்திராது.

அன்பார்ந்த இறைமக்களே, நம் குடும்பங்களிலிருந்தும் குருக்களும் அருட்சகோதரிகளும் அயல்நாட்டுப் பணிக்குச் செல்கின்றனர். நம் இளைஞர்கள் பங்கின் சார்பில் பிற கிராமங்களுக்குச் சேவை செய்யப் புறப்படுகின்றனர். அவர்களை வழியனுப்பும்போது, என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்பது நம் வழக்கம். திரும்பி வரும்போது, அங்கே யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்றும் கேட்போமாக. நம் இல்லங்களிலும் இது பொருந்தும். பிள்ளைக்கு அறிவுரை கூறுமுன் அவன் சொல்வதை முழுமையாகக் கேட்கும் தந்தையும், அயலவரின் துயருக்கு ஆறுதல் மொழியுமுன் சற்று மௌனமாய் அருகிலிருக்கும் தாயும் அந்தப் பன்னிருவர் நடந்த பாதையிலேயே நடக்கின்றனர். கேட்கும் செவியை முதலிலும், பேசும் நாவைப் பின்னரும் நமக்கு அருளுமாறு ஆண்டவரை மன்றாடுவோம்.